தேறிய ஸ்பீக்கர்கள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம், காற்றில்லாத தூறல். கடைகளிலிருந்து திரும்பி வந்த ஸ்பீக்கர்கள் நிறைந்த அட்டைப்பெட்டி ஒன்று சோதனைக்கூடத்தின் வாசலில் ஈரத்தோடு இறக்கப்பட்டது. கையில் தூக்கிச் செல்லத்தக்கவை, கம்பியில்லாதவை, மழையில் நனைந்தாலும் பாடும் என்று விளம்பரம் செய்யப்பட்டவை. ஒவ்வொன்றின் அடியிலும் ‘தேறியது’ என்ற முத்திரையும் அதன் கீழே ஒரே ஒருவருடைய சுருக்கொப்பமும் இருந்தன.

அந்த ஒப்பத்துக்கு உரியவரைத் தொழிற்சாலையில் எல்லாரும் காதண்ணன் என்றே அழைத்தனர். ஸ்பீக்கரை இடுப்புயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுவதும், தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி எடுப்பதும் மற்றவர்களுடைய வேலை. விழுந்து, நனைந்து, காய்ந்து வந்ததை இயக்கிக் கேட்டு, அது பிழைத்ததா இல்லையா என்று சொல்வது அவருடைய வேலை. அவர் வகுத்த முறைப்படி முதலில் கேட்கவேண்டியது பாட்டன்று, பேச்சு. இயக்கியதும் ஸ்பீக்கர் தானாகப் பேசும் சில சொற்கள் உண்டு; இசை மறைத்துவிடும் பழுதை மனிதக் குரல் மறைக்காது என்பது அவர் துணிபு.

அந்தச் சொற்களைப் பேசியவள் அவருடைய மனைவி. நிறுவனம் ஒரு வாடகை மாடியில் இருந்த காலத்தில் பொதிகட்டும் பிரிவைக் கவனித்துவந்த அவள், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, ‘வணக்கம்’, ‘இணைஞ்சாச்சு’, ‘சார்ஜ் குறையுது’ என்று பேசினாள். கடைசியதில் மட்டும் சற்றே கடுப்பு ஏறிவிட்டது. வீட்டில் ஒருத்தி திட்டுவது போதாதா என்று வாங்கியவர்கள் எழுதினார்கள். நிறுவனம் அதை மாற்றவில்லை. சென்ற ஆண்டு ஒரு காய்ச்சலில் அவள் இறந்தாள். காதண்ணன் மறுவாரமே வேலைக்குத் திரும்பினார். எப்படித் தாங்குகிறார் என்று பலர் வியந்தனர்.

பெட்டியைத் திறந்தவள் அவருடைய மைத்துனி, இறந்தவளின் தங்கை. அடுத்த அறையில் மைக் வைத்து ஒலியை அளந்து, கணினித் திரையில் அதைக் கோடாகப் பார்ப்பது அவள் வேலை.

“அத்தான், கொஞ்சம் வாங்க.”

“என்ன, உன் கோடு கோணிக்கிச்சா?”

“கடைக்காரங்க எழுதியிருக்காங்க. பானைக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருக்காம்.”

“முதல்ல அவங்க காதைக் குடையச் சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒன்றையும் புதிதாகச் செய்தவற்றுள் ஒன்றையும் எடுத்து, ஒரு துணித் திரைக்குப் பின்னால் வைத்து, அடுத்தடுத்து இயங்கும்படி செய்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வணக்கம் என்றது ஒன்று. வணக்கம் என்றது மற்றொன்று.

“ரெண்டும் தெளிவு,” என்றார், அவள் திரும்பி வந்ததும்.

“இன்னொரு தடவை கேளுங்க.”

“நூறு தடவை போட்டாலும் தெளிவுதான்.”

அவள் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். சமமாக ஓடவேண்டிய கோடுகளில் ஒன்று, தொடக்கத்திலேயே கரை இடிந்ததுபோல் சரிந்திருந்தது. குரலின் கனத்த பகுதி பெரும்பாலும் போய், மிஞ்சியதிலும் கரகரப்பு ஏறியிருந்தது. கோட்டுக்கும் காதுக்கும் முன்பும் பிணக்கு வந்ததுண்டு, காதே வென்றிருக்கிறது.

“மைக்கை மாத்திப் பாரு.”

“நேத்தே மாத்திட்டேன் அத்தான்.”

வேறு மொழிக்காரர்களுக்கு அனுப்பும் ஸ்பீக்கர்களில் கூலிக்குப் பேசிய ஓர் ஆணின் குரல் இருக்கும். மைத்துனி துணித் திரைக்குப் பின்னால் சென்று, ஏதோ மாற்றி, மீண்டும் இயக்கினாள். ஆண்குரல் ஒரு சொல்லை முடிக்குமுன் காதண்ணனின் நெற்றி சுருங்கியது.

“இது பழுது. உள்ள தண்ணி போய், கூம்போட ஓரத்துல பசை விட்டிருக்கு. இதை எங்கேருந்து எடுத்தே?”

“முதல்ல போட்டதேதான். குரலை மட்டும் மாத்தினேன்.”

காதண்ணன் அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அவருடைய காதில் குறையில்லை. ஸ்பீக்கர் பாதிக் குரலைக் கொடுத்தது. மீதியை அவரே தம்மிடமிருந்து எடுத்துக் கூட்டிக் கேட்டிருக்கிறார். கூட்டியது தெரியாமல் முத்திரையும் குத்தியிருக்கிறார். அவள் இறந்தபின் அந்த மேசையைக் கடந்துபோன, அவள் குரல் பேசும் ஸ்பீக்கர்களுள் ஒன்றைக்கூட அவர் உண்மையில் கேட்டதில்லை.

முக்காலியிலிருந்தே கேட்டார்: “உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உனக்கும் அவ குரல்தானே?”

“நான் கேக்கறதே இல்ல.” அவள் ஈர அட்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். “இயக்கிட்டு வெளிய வந்து கதவைச் சாத்திடுவேன். உள்ள மைக் கேக்கும். நான் கோட்டை மட்டும் பாப்பேன். அக்கா போனதுல இருந்து அப்படித்தான்.”

“சொல்லவே இல்லையே.”

“நீங்க தினமும் கேட்டுட்டு இருந்தீங்க. நான் என்னன்னு சொல்றது?”

மேலாளர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். பிற்பகலில் புதிய சரக்கை ஏற்ற லாரி வரவிருந்தது. காதண்ணன் எழுதிக் கையொப்பமிட்டால்தான் அது நகரும். நடந்ததை மைத்துனி சொல்ல, அவர் குடையிலிருந்து நீர் சொட்டுவதையும் கவனியாமல் நின்றார்.

“சரக்கு நிக்கட்டும். பசையைத் திரும்பப் போட்டுக்கலாம்,” என்றார். “நாளைக்கு யாரு கேக்கறது, அதான் கேள்வி. பேசாம குரலை மாத்திடலாம்ணே. அந்த ஆம்பளக் குரலையே எல்லாத்துலயும் போட்டுடலாம். வெளிய ஒருத்தருக்கும் தெரியவேணாம், காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம். உங்க காது போனா நான் வேற காதுக்கு எங்க போறது?”

“ஏன், உங்களுக்கே ரெண்டு இருக்கே.”

மேலாளர் பாதி சிரித்து நிறுத்திக்கொண்டார். “குரலை மாத்திட்டா அப்புறம் எங்கயும்…” என்று தொடங்கிய மைத்துனியும் முடிக்கவில்லை.

“முடிவை நீங்களே எழுதிக் குடுங்கண்ணே,” என்றார் மேலாளர். “நான் குறுக்க வரல.”

காதண்ணன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். குரலை மாற்றினால் இருக்கை அவருக்கு நிலைக்கும். அந்நியனின் குரலில் கூட்டிக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை. குரல் நிலைத்தால் அவர் எழவேண்டும். வீட்டில் அவளுடைய புகைப்படங்கள் உண்டு, பேச்சு இல்லை. காலையில் அவருக்கு வணக்கம் சொல்வது இந்த மேசை ஒன்றே. எவ்வழியில் சென்றாலும் அது நின்றுவிடும். ஆனால் எங்கோ ஒரு சமையலறையில், ஒரு பட்டறையில், கடற்கரை மணலில், சார்ஜ் குறைகிறதென்று அவளிடம் யாரோ திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடமிருந்தும் அவளை எடுத்துவிட வேண்டுமா என்பது ஒன்றே அவர் தீர்மானிக்க எஞ்சியிருந்தது.

“பொதிகட்டற இடத்துல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கே. காது எப்படி?”

“யார் யாரைப் பத்தி என்ன பேசறாங்கன்னு அத்தனையும் அவளுக்குத் தெரியும்,” என்றாள் மைத்துனி. “நல்ல காதுதான்.”

“அக்காவைத் தெரியுமா?”

“பாத்ததே இல்ல.”

“அப்ப சரி.”

அவர் எழுதினார். புதிய சரக்கை அனுப்பக்கூடாது. சென்ற ஆண்டு முதல் தாம் ‘தேறியது’ என்று முத்திரையிட்ட எல்லாவற்றையும் திரும்பப் பெறவேண்டும். குரல் இப்போதுள்ளபடியே தொடரவேண்டும். கேட்கும் பணியைக் குரலுக்கு உரியவரை அறியாத ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். தம்மைப் பண்டகசாலைக்கு மாற்றவேண்டும். பண்டகசாலையில் எந்த ஸ்பீக்கரையும் இயக்குவதில்லை.

தோளுக்கு மேலாகப் படித்த மைத்துனியின் மூச்சு அவர் காதில் தடுமாறியது. “இப்ப ஒரு தடவை நீ கேளேன்,” என்றார் அவர், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமலே. “நல்ல ஸ்பீக்கரைப் போடறேன்.”

“வேணாம் அத்தான்.”

அவர் வற்புறுத்தவில்லை.

“காரணம்னு ஒண்ணும் எழுதலையே,” என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் தாளை மறுபடி தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, ‘காரணம்: பழுது ஸ்பீக்கரில் மட்டுமன்று, கேட்பவரிடத்தும் உளது’ என்று எழுதினார். சுருக்கொப்பம் போதாதென்று எண்ணியவர்போல், முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டார். மை காயும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, தாளை மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.