கோகிலவாணி கொடுத்தது

தங்கவேலுவுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவன் அக்கா கோகிலவாணி. கோயமுத்தூரில் அறுவை முடிந்து மலைமேலிருந்த சொந்த ஊர் காந்தலுக்குத் திரும்பிய நாளிலிருந்து அவள் அதை மறக்கவும் இல்லை, அவனை மறக்க விடவும் இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவன் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினாள். "இவனுக்குள்ள ஓடறது என்னுது."

கேத்தியில் குத்தகைக்கு எடுத்த கேரட் தோட்டம் ஒன்றுதான் அவளுக்குப் பிழைப்பு. கணவன் இல்லை. அறுவைக்குப் பிறகு பாரம் தூக்க முடியவில்லை. கோழி எருவை வாரி இறைக்க ஆள் அகப்படாதபோது தம்பியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, மண்ணு எருவு பக்கமே போகக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க. நான் திங்கற மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வெச்சிருக்குதாம்."

"அறுத்துக் குடுக்கறப்ப நான் யோசிச்சனாடா? நீ எரு அள்ள யோசிக்கற."

போனான். முகக்கவசம் போட்டிருந்தான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிரித்ததும் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டான்.

சில வாரங்களில் இருமல் பிடித்தது. உள்ளூர் கிளினிக்கில் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். "மருந்து தின்னுட்டே வேலை செய்யறவங்க இல்லியா?" என்று அக்கா களையெடுக்கவும் இழுத்துப் போனாள். ஒரு நாள் காலை இடது கையிலிருந்த டம்ளர் நழுவி, கொதிக்கும் டீ அந்தக் கையிலேயே கொட்டியது. சூடு உறைக்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டான். நாக்கு குழறியது.

கோயமுத்தூரில் டாக்டர் ஜீவிதா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, மூளையில் சீழ்க்கட்டி என்றாள்.

"நோகார்டியான்னு ஒரு பாக்டீரியா. மண்ணுல இருக்கறது. எங்களையெல்லாம் பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு நுரையீரல்ல புகுந்து மூளைக்கு ஏறியிருக்கு. உயிர் தங்கணும்னா எதிர்ப்புச் சக்தியை அமுக்கற மாத்திரையைக் குறைக்கணும். குறைச்சா உடம்பு அக்கா கிட்னியை ஏத்துக்காம, அது போகலாம்."

போயிற்று. உயிர் தங்கியது, இடது கை மீளவில்லை. டயாலிசிஸ் கட்டிலருகே வந்து நின்ற அக்கா நலம் விசாரிக்கவில்லை. "நல்லா ஓடிட்டிருந்ததைக் குடுத்தேன். கொன்னுட்டியேடா," என்று வாய்விட்டு அழுதாள். அந்த அழுகை தனக்கல்ல என்று தங்கவேலுவுக்குத் தெரிந்தது.

அவன் டாக்டரைப் பார்த்தான். "அதை எடுத்து அவங்க கையிலயே குடுத்துருங்க."

"தொந்தரவு பண்ணலைன்னா எடுக்கறதில்லைங்க. உள்ளயே இருக்கும்."

அக்கா அழுகையை நிறுத்தினாள். "அப்ப என்னுது இன்னும் உள்ளதான் கெடக்குதா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலில் பழைய அதட்டல் ஏறியிருந்தது. தங்கவேலு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.