குழிவாயில் உட்கார்ந்தவள்

மாலி ராஜ்யம், மாலி ராஜ்யம் என்று ஊர் உலகமே மெச்சுகிறதே, அது எங்கள் பூரே மண்ணைத் தின்று வளர்ந்த ராஜ்யம். வடக்கேயிருந்து உப்புப் பாளம் சுமந்து ஒட்டகங்கள் பாலைவனம் தாண்டி வருவது ராஜாவின் முகத்தைப் பார்க்கவா? எங்கள் ஆண்கள் குழி தோண்ட, நாங்கள் சுரையோட்டில் அலசி எடுக்கும் பொன்தூளுக்காக.

மழை ஓய்ந்ததும் குழி திறப்போம். அதற்கு முன் ஒரு செங்கிடாயை வெட்டி, பொன்னைக் காக்கும் தெய்வத்திடம் உத்தரவு கேட்போம். ஒரு வருஷம் கேட்காமல் அவசரப்பட்டு இறங்கினார்கள். மண் சரிந்து என் கொழுந்தன் உள்ளேயே போய்விட்டான்.

ராஜா ஐந்து வேளையும் தொழுகிறவர். தொழட்டும், நல்லதுதான். பிறகொரு வருஷம் நாங்களும் தொழுதாக வேண்டும் என்று நினைத்துவிட்டார். ஆறு குதிரைவீரர்களோடு ஓர் அதிகாரி வந்து இறங்கினான்.

"இனிமே கிடா வெட்டுறதெல்லாம் கிடையாது. அல்லா பேரைச் சொல்லிட்டு இறங்குங்க. மாட்டேன்னா சாட்டைதான்" என்றான். பிறகு நெஞ்சை நிமிர்த்தித் தன் பெயரையும் குலத்தையும் சொன்னான். மாதி ஜாரா. அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

முதலில் இறங்கச் சொல்லி என் வீட்டுக்காரர் கோமானைக் கைகாட்டினான். ஓடிப்போய்க் குழிவாயில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒரு வீரன் சாட்டையை உருவினான்.

"அடேய் ஜாரா! பயறு தின்னி! நான் சித்தான் திராவோரே. எங்க, உன் ஆளை அடிக்கச் சொல்லு பார்ப்போம்!"

மாதியின் கை தானாக உயர்ந்து வீரனைத் தடுத்தது. திராவோரே குலத்துக்காரி என்ன ஏசினாலும் ஜாரா குலத்துக்காரன் கோபிக்கக் கூடாது, அவள்மேல் அடி விழவும் விடக்கூடாது. இரண்டு குலத்துக்கும் இடையே பாட்டன் பூட்டன் காலத்துக் கேலி முறை, 'பயறு தின்னி' அதில் பழைய வசை. ராஜாவே மீற மாட்டார்.

"பயறு திங்கறது நீங்கதான் அக்கா. குதிரை மேல வர்ற வழியெல்லாம் உங்க குலத்து நாத்தம்தான்" என்றான். சிரிப்பை அடக்க முடியவில்லை அவனால். பிறகு குரல் இறங்கியது. "விளையாட்டு போதும், எந்திரிங்க. ராஜாகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"என் புருஷனை நீ உயிரோட புதைக்கப் பார்க்கறே, நான் எந்திரிக்கணுமா? பொன்னில்லாத வெறும் பையைக் கொண்டு போய் ராஜாகிட்ட காட்டு. அதுவே பேசும்."

அவன் திரும்பிப் போனான். நாங்கள் சுரையோடுகளைக் கூரையில் செருகினோம். அந்தப் பருவம் முழுக்க ஒரு குழிகூடத் திறக்கவில்லை. பொன் போகாததால் உப்பு வரவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையைத்தான் ஒரு வருஷம் கூழென்று குடித்தோம். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், நான் அழுதேன். ஆனாலும் எங்கள் ஊரில் ஒருத்தி கூட "போதும், இறங்கச் சொல்லலாம்" என்று வாய் திறக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

அங்கே ராஜாவின் சந்தையும் காற்று வாங்கியதாம். குதிரை விற்க வந்தவர்கள் குதிரையோடேயே திரும்பிப் போனார்களாம்.

அடுத்த மழை ஓய்ந்தது. மாதி ஜாரா தனியாக வந்தான். சாட்டை இல்லை, வீரர்கள் இல்லை. ஒரு செங்கிடாயைக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"உங்க வழக்கம் உங்களோட இருக்கட்டும்னு ராஜா சொல்லிட்டார் அக்கா. கிடாயும் அவர் தந்ததுதான்."

"அதையும் பயறு போட்டுத்தான் வளர்த்தியா?" என்றேன்.

கத்தி எடுத்தபோது அவன் கொஞ்சம் தள்ளிப் போய், அவர்களுடைய புனித ஊர் இருக்கும் கிழக்கே பார்த்துத் தொழ ஆரம்பித்தான். அவன் முடிக்கும் வரை நாங்களும் சத்தம் போடவில்லை. பிறகு கோமான் கயிற்றைப் பிடித்து இறங்கினார். முதல் கூடை மண்ணை நான் அலசினேன். சுரையோட்டின் அடியில் பயறளவு கட்டி ஒன்று மினுங்கியது. தூள் எங்களுக்கு, கட்டி ராஜாவுக்கு என்பது சட்டம்.

அதை எடுத்து மாதியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன்.

"ராஜாகிட்ட கொடு. இது அவர் எடுத்துக்கிட்டது இல்லை, பூரேக்காரங்க கொடுத்ததுன்னு சொல்லு."

"அப்படியே சொல்றேன் அக்கா" என்று தலை குனிந்தான் ராஜாவின் அதிகாரி.