மணியன் ஐயா முட்டை தின்று காட்டினார்

புதுச்சத்திரத்தில் எங்கள் குழந்தைகள் காப்பகம் நடக்கும் கட்டடம் மணியன் ஐயாவுடையது. கோழிப்பண்ணைக்காரர். முட்டையின் பெருமையை மேடையில் பேச ஆள் வேண்டுமென்றால் அவரைக் கூப்பிடுவார்கள், கூப்பிடாவிட்டாலும் வருவார்.

இந்த ஜூனில் காப்பகங்களுக்குப் புது உணவு விதிகள் வந்தன. பாக்கெட் பிஸ்கட்டும் கலர் தண்ணீரும் கூடாது. தினம் ஒரு முட்டை. பெரியவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும், ஏனென்றால் சின்னப் பிள்ளைகள் பார்த்துத்தான் தின்னக் கற்கின்றன.

ஊட்டச்சத்து படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த எனக்குக் கடைசி விதிதான் பிடித்தது. காரணம் ஷாஹீன். மூன்று வயதாகியும் இரண்டு வயதுக்கான எடை இல்லை. வீட்டில் டீயும் பன்னும்தான். தினமும் ஒரு முட்டை உள்ளே போனால் தேறிவிடுவாள்.

முட்டை முழுவதும் தன் செலவு என்று மணியன் ஐயா அறிவித்தார். அதற்கு ஒரு விழா என்பதும் அவர் அறிவிப்பே. போட்டோக்காரரோடும் குடும்பத்தோடும் வந்தார். பிள்ளைகளோடு பந்தியில் உட்கார வேண்டும் என்றதும் எல்லோரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அவித்த முட்டை தட்டுக்கு வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவர் மனைவி சௌந்திரம் அம்மாளுக்குச் சஷ்டி விரதம். மருமகளுக்குச் செவ்வாய்க்கிழமை. மகன் இளஞ்செழியன் பழனிக்கு மாலை போட்டிருக்கிறாராம். கழுத்தில் தங்கச் சங்கிலி மட்டும் தெரிந்தது. அந்த வீட்டுக்குள் பண்ணை முட்டை நுழைவதே இல்லை, கொல்லிமலை அடிவாரத்திலிருந்து நாட்டுக்கோழி முட்டை வருகிறது என்று ஆயா கண்ணாத்தாள் என் காதில் சொன்னாள்.

முதலில் கதிர் தட்டைத் தள்ளினான். அவனுக்கு நான்கு வயது.

"எனக்கும் வெரதம்."

பந்தி முழுக்க விரதம் பரவியது. ஷாஹீனும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எந்தச் சஷ்டி என்று யாரும் கேட்கவில்லை.

போட்டோக்காரர் காத்திருந்தார். மணியன் ஐயாவுக்கு வேறு வழியில்லை.

"இங்க பாரு சாமி, தாத்தா திங்கறேன்."

பாதி முட்டையைக் கடித்தார். மெல்லவில்லை. கன்னத்தில் ஒதுக்கி வைத்து, ஃபிளாஷ் அடிக்கும்வரை சிரித்தார். பிறகு டிஷ்யூ பேப்பரில் துப்பி, அழகாக மடித்து, தட்டுக்கு அடியில் வைத்தார்.

பிள்ளைகள் அவரைக் கவனமாகப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கடித்தார்கள், கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள், துப்பினார்கள். ஷாஹீன் மட்டும் துப்புவதற்குப் பேப்பர் கேட்டாள்.

பிள்ளைகளுக்கு முட்டை பிடிக்கவில்லை, பாவம், வற்புறுத்த வேண்டாம், பிஸ்கட்டே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் காரில் ஏறினார். தன் தொழிலைத் தானே துப்பியது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் விழா இல்லை. மிச்சமிருந்த முட்டைகளில் கொஞ்சம் அவித்தோம். கண்ணாத்தாளும் நானும் தரையில் உட்கார்ந்து, உப்பும் மிளகும் தொட்டு, பேசாமல் தின்றோம். பிள்ளைகள் பார்த்தார்கள். கதிர் எடுத்தான். ஷாஹீன் மஞ்சள் கருவை உதிர்த்துப் பார்த்து, நக்கி, முழுவதும் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

அந்த நேரத்தில் பண்ணை டிரைவர் சின்னண்ணன் வேனோடு வந்தார். முட்டை அட்டைகளைத் திருப்பி எடுத்து வரச் சொல்லி ஐயா உத்தரவாம். பிள்ளைகளின் வாயெல்லாம் மஞ்சளாக இருந்ததைப் பார்த்தார். எடுத்த அட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஐயாவுக்குப் போன் போட்டார்.

"ஐயா, திங்கறாங்களுங்க."

கேட்டுவிட்டு என்னிடம் போனைக் கொடுத்தார். மணியன் ஐயா உற்சாகமாக இருந்தார். அப்படியே தின்னட்டும், நிறுத்த வேண்டாம், கேமராவோடு உடனே வருவதாகச் சொன்னார்.

போனில் பேசவே எனக்கு வராது. ஆனால் ஷாஹீனின் இரண்டாவது முட்டை பாதியில் இருந்தது.

"கேமராவ அனுப்புங்க. நீங்க மட்டும் வராதீங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னண்ணன் நெடுநேரம் காதில் வைத்துக் கேட்டார். கடைசியில் "செரிங்க" என்றார்.

"முட்டை இருக்கட்டுமாம், கேமரா மட்டும் வருமாம்," என்று அட்டைகளை உள்ளே நகர்த்தினார். பிறகு தயங்கினார். "ஆனா, போட்டோவுல நீங்க நிக்கக்கூடாதுனு சொல்றாருங்க."

"செரிங்க," என்றேன்.