பின்சீட்டு ஓனர்

எத்திராஜுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை அவன் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. "ஓனர் எங்கனா ஸ்டியரிங் புடிப்பானா?" என்பான். வெள்ளானூரில் மனைத் தரகு அவன் தொழில். ஸ்கூட்டரில் ஆள் ஏற்றிக்கொண்டு போய் மனை காட்டியவன், ஏழு வருடம் ஓடித் தேய்ந்த ஒரு வெள்ளைக் காரை வாங்கிய அன்றே பின்சீட்டின் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டான். நூற்றுப்பத்து கிலோ உடம்பு. அவன் ஏறினால் வண்டியின் பின்பக்கம் ஒருமுறை அமுங்கி நிற்கும்.

ஓட்டுவது அவன் மனைவி யுவராணி. நாற்பது வயதில் லைசென்ஸ் எடுத்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். வாரத்தில் ஆறு நாள் அந்தக் காரில் தனியாக வேலைக்குப் போய்வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கும் மனை பார்க்க வருகிறவர்களுக்கும் டிரைவர். அவர்களிடம் அவளை மனைவி என்று அவன் அறிமுகப்படுத்தியது குறைவு. "வண்டி எடும்மா" என்பான். அவர்களாகவே எதையோ நினைத்துக்கொள்வார்கள்.

தீபாவளி மழையில் ரோடெல்லாம் பள்ளமான பிறகுதான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. வேகத்தடை ஏறி இறங்கும்போது பின்னால் ஒரு டொக். பள்ளத்தில் விழுந்தால் டொக்டொக்.

"பின்னாடி எதுவோ இடிக்கிதுயா" என்றாள் அன்று இரவு.

"டிக்கியில உங்கொம்மா ஊட்டுச் சீரு எதுனா உருளுதான்னு பாரு" என்று சொல்லிவிட்டு அவன் சோற்றைப் பிசைந்தான்.

டிக்கியைக் காலி செய்து பார்த்தாள். ஜாக்கி, குடை, மனை நோட்டீஸ் கட்டு எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்தாள். மறுநாள் ஆவடி தாண்டுவதற்குள் பதினோரு முறை டொக்.

அம்பத்தூரில் பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குப் போனார்கள். எத்திராஜும் கூடவே வந்தான். டை கட்டிய ஒருவர் வண்டியை எடுத்து இரண்டு சுற்று வந்தார். பின்சீட்டில் எத்திராஜ் காலை அகட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை. "ரோடு நாய்ஸ் மேடம்" என்று அவர் சிரித்தார். அடுத்து ஆவடியில் ஒரு டயர் கடை. அங்கேயும் அவன் வந்தான், அங்கேயும் வண்டி ஊமையாக ஓடியது. போனில் பதிவு செய்து காட்டினாள். "போன் ஸ்டாண்டு ஆடுது. அதைப் போயி ரிக்கார்டு பண்ணிக்கினு வந்துட்டா" என்றான்.

பிறகு அவளைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனான். கேலிக்கு அல்ல, நிஜமாகவே. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் காதில் மாட்டிப் பரிசோதித்தார்கள். "இந்த வயசுக்கு ரொம்ப நல்லா கேக்குது" என்றார் டாக்டர்.

"அப்போ மூளையில சத்தமா டாக்டர்?" என்றான் எத்திராஜ். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் யுவராணியின் அண்ணன் மகள் காதுகுத்தில் இதையே அவன் சொன்னபோது பந்தி முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவன் அவள் அண்ணன் உத்தமன். யுவராணி இலையை வடையோடு அப்படியே மூடிவிட்டு எழுந்தாள்.

ஏழு மாதம் இப்படியே போயிற்று. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் கமலம்தான் ஜஸ்டினைப் பற்றிச் சொன்னாள். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் ஷெட் வைத்திருக்கிறான், பேசுவது சுருக்கென்று இருக்கும், வேலை சுத்தம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கிளம்பினாள் யுவராணி. எத்திராஜ் விடவில்லை. "பொம்பளை தனியா போனா தலையில மொளகா அரைச்சுடுவானுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்சீட்டில் ஏறினான்.

ஜஸ்டின் வண்டியை எடுத்தான். யுவராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோட்டில் ஓட்டினான். வேகத்தடை, பள்ளம், ஜல்லிக் குவியல், ஒன்றையும் விடவில்லை.

"கேக்குதா?" என்றான் எத்திராஜ். அடுத்த பள்ளத்தில் மறுபடியும், "தம்பி, உனக்குக் கேக்குதா? எனக்கு ஒண்ணியும் கேக்கல. இவளுக்கு மட்டும் கேக்கும். சாமி வந்தாப்ல."

ஜஸ்டின் எரிச்சலோடு யுவராணியைப் பார்த்தான். "எப்பக்கா கேக்கும்? காலையிலயா? ஏசி போட்டாலா? மழையிலயா?"

"இந்தாளு இல்லாதப்ப கேக்கும்" என்றாள் அவள். வயிற்றெரிச்சலில் வந்த பேச்சுதான் அது. "இவரு ஏறுனா வாயை மூடிக்கும். ஊட்ல நாங்க மூடிக்கிறாப்ல."

ஜஸ்டின் சிரிக்கப்போனவன், சட்டென்று பிரேக் போட்டான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். அந்த உடம்பை ஒரு முறை மேலிருந்து கீழே அளந்தான்.

"அண்ணாத்தே, கொஞ்சம் எறங்கு."

"யாரு? நானா? இது என் வண்டிப்பா."

"எறங்குயா" என்றாள் யுவராணி. கம்பெனியில் அறுபது மெஷினுக்கு மேலே கேட்கும் குரல் அது. வீட்டில் அவள் அதை எடுத்ததே இல்லை. எத்திராஜ் இறங்கிவிட்டான். இறங்கிய பிறகுதான் ஏன் இறங்கினோம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

வண்டி நூறு அடி போயிருக்காது. ஒரு சின்னப் பள்ளம். டொக்.

யுவராணி ஜஸ்டினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. லெப்ட்ல."

ஏழு மாதத்தில் இன்னொரு மனுஷன் காதில் அது விழுந்தது இதுதான் முதல்முறை.

திரும்பிவந்து எத்திராஜை ஏற்றினார்கள். சத்தம் நின்றது. இறக்கினார்கள். டொக். உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை ஏற்றி, இன்னொரு முறை இறக்கினான் ஜஸ்டின். ஜூன் மாத வெயில். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான் எத்திராஜ். எதிரே டீக்கடையில் இருந்த ஒருவர், "இன்னா நைனா, ஷூட்டிங்கா?" என்று கேட்டார்.

ஷெட்டில் ஜாக்கி போட்டு இடது பின்சக்கரத்தைக் கழற்றினான் ஜஸ்டின். டார்ச் அடித்து இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னான். ஷாக் அப்சார்பரைச் சுற்றியிருந்த கம்பிச்சுருள் கீழ்ச்சுற்றில் இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த இடம் துருவேறிக் கூர்மையாக இருந்தது. கழற்றி வைத்த டயரின் உள்பக்கத்தில், கத்தியால் கீறியதுபோல் வட்டமாக ஒரு கோடு.

"வெயிட்டு இல்லேன்னா ரெண்டு துண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சிக்கும். அதான் சத்தம்" என்றான். "அண்ணாத்தே குந்துனா ரெண்டும் அமுங்கி ஒட்டிக்கும், சத்தம் வராது. ஆனா அப்பதான் அந்தக் கூரு டயராண்ட வந்து ஒரசும். இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா ரோட்டுல வெடிச்சிருக்கும். ஞாயித்துக்கெழமையாப் பாத்து."

யுவராணி அந்தக் கோட்டை விரலால் தடவினாள். எத்தனை குடும்பங்களை இந்த வண்டியில் ஏற்றி மனை காட்டியிருக்கிறோம் என்று நினைத்தாள். போன வாரம் கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள்.

எத்திராஜ் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். பிறகு சொன்னான், "அப்போ நான் குந்திக்கினு இருந்ததாலதான் இத்தினி நாள் ஸ்பிரிங்கு கழண்டு வுழாம இருந்துச்சின்றே."

ஜஸ்டின் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தான். யுவராணியைப் பார்த்தான். அப்புறம் போய்க் கையைக் கழுவினான்.

புதன்கிழமை அவள் தனியாகப் போய் வண்டியை எடுத்தாள். இரண்டு பக்கமும் புது ஸ்பிரிங், ஒரு புது டயர். சர்வீஸ் ரோட்டின் பள்ளங்கள் எல்லாவற்றிலும் வேண்டுமென்றே விட்டு ஓட்டினாள். வண்டி சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. கோபம்தான் வந்தது. தன்மீதே வந்தது. ஏழு மாதமாக இந்த ஆளிடம் எதற்குக் காதைக் காட்டிக்கொண்டு நின்றோம்?

வீட்டுக்குள் நுழையும்போது எத்திராஜ் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். "மெக்கானிக்குக்கே தெர்லபா. நான் எறங்கி நின்னு, ஏறிக் குந்தி, டெஸ்ட் பண்ணிக் கண்டுபுடிச்சேன்." அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு மனை பார்க்க ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். சாஃப்ட்வேர் வேலை, மதுரைப் பக்கம். எத்திராஜ் வெள்ளைச் சட்டையில் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டான். "வண்டி எடும்மா!"

யுவராணி வெளியே வந்தாள். வந்தவர்களுக்கு வணக்கம் சொன்னாள். "நான் இவரு சம்சாரம். வாங்க" என்றாள். கார் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு இது?"

"டிரைவர் வெச்சுக்கோ."

"இன்னாடி, திமிரா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்.

"ஆமா" என்றாள் சத்தமாக. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கொஞ்சநேரம் கழித்து எதிர்வீட்டுப் பொன்னியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் போகிறார்களாம். பின்னால் இடம் இல்லாமல், எத்திராஜ் டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்கியபடி போகிறானாம்.

"காபி குடிக்கிறியாக்கா?" என்றாள் யுவராணி.