அவள் சொல்லச் சொல்ல ஓடிய கார்

வேன்காரருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் வேன்காரர். இன்னொருத்தி அவர் மனைவி. தனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதொன்றும் பெரிய வித்தை இல்லை. சாப்பிட உட்கார்ந்த இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் போதும்.

அவள் தையல்காரி. கிட்டத்துப் பார்வை அவளுக்கு மங்கிப் பல வருடம் ஆகிறது. தையல் மெஷின் ஊசியில் நூல் கோத்துத் தருவது அவர் வேலை. சுற்றுலா வேன் ஓட்டிய காலத்தில்கூட, காலையில் சாவியை எடுப்பதற்கு முன் ஊசியைக் கோத்துவிட்டுத்தான் போவார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஊசிக்கு முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. நூல் நுனியை எச்சில் தொட்டுத் திரித்து, ஊசியைச் சுற்றிச் சுற்றிக் குத்திக்கொண்டிருந்தார். கடைசியில், "என்ன நூல் வாங்கியிருக்க, பிசிறு பிசிறா? இதெல்லாம் ஒரு நூலா?" என்று நூலைத் திட்டிவிட்டு எழுந்து போனார். சில நாள் கழித்து டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றினார். அன்றைக்கு டம்ளருக்குத் திட்டு விழுந்தது.

அதன்பிறகு அவள் கவனிக்க ஆரம்பித்தாள். பேசுகிறவரின் முகத்தை அவர் நேராகப் பார்ப்பதில்லை. தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் பார்க்கிறார். பேப்பரைச் சாய்த்துப் பிடித்துத் தலைப்பை மட்டும் படிக்கிறார். தட்டின் ஓரத்தில் இருக்கும் ஊறுகாய் தெரிகிறது, நடுவில் இருக்கும் சோற்றைத் துழாவுகிறார். ஓரம் தெரிகிறது, நடு தெரியவில்லை. இவ்வளவையும் அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கண்ணாடி மாத்தணும். அப்படியே நீங்களும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துரலாமே?" என்று ஒருமுறை நைசாகக் கேட்டும் பார்த்தாள்.

"உனக்கு வேணும்னா போ. என் கண்ணுக்கு என்ன கேடு?"

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். அன்றைக்குச் சாப்பிடாமல் போய்ப் படுத்தார். அடுத்து வந்த நாட்களிலும் சுவரைப் பார்த்தே கிடந்தார். காரைத் துடைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவள் பயந்துபோய் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

பயம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதிப் பொய். மீதிப் பாதி ஏரிச்சாலை.

ஊரைத் தாண்டி மலை ஏறும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஏரி. கடைசிவரை ஏரி கூடவே வரும். ஒரு வளைவில் காலடியில் கிடக்கும், அடுத்த வளைவில் மரங்களுக்குள் ஒளிந்துகொள்ளும், பாலத்தைத் தாண்டியதும் மொத்தமாகக் கண்முன்னால் விரியும். எங்கெங்கிருந்தோ ஆட்கள் காசைக் கொட்டி வந்து பார்க்கிற சாலை. முப்பது வருடம் வேன்காரர் அந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு அதில் போய் வந்தார். கட்டின பெண்டாட்டியை ஒரு நாள் அழைத்துப் போனதில்லை. கேட்டால், "தினம் பார்க்கிற ரோடு, அதுல என்ன இருக்கு?" என்பார். தினம் பார்த்தது அவர். அவள் பார்த்தது மெஷினையும் மற்றவர்களின் ஜாக்கெட்டையும்.

வேனை விற்று, ஓய்வு என்று வீட்டில் உட்கார்ந்து, ஒரு பழைய சின்னக் காரை வாங்கிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் கண்ணும் அவரைக் கைவிடத் தொடங்கியது.

முதலில் அவள் சும்மாதான் பேசினாள். வாழ்நாளில் பார்க்காததைப் பார்த்தவள் வேறென்ன செய்வாள்? "ஐயோ, அந்தத் தண்ணி எப்படி மின்னுது பாருங்க" என்றாள். அவர் ஸ்டீயரிங்கை ஏரிப் பக்கம் திருப்பினார். சாலையும் அங்கேதான் வளைந்தது. "எதிர்ல ஒரு பச்சை லாரி வருது, எவ்வளவு பூ வச்சுக் கட்டியிருக்கான்" என்றாள். கார் மெதுவாக ஓரம் ஒதுங்கியது. "ஆட்டுக்குட்டிங்க! ரோடு முழுக்க நிக்குதுங்க, பாருங்க, பஞ்சு மாதிரி." கார் நின்றது. "ஆமா, அழகுதான்" என்றார், ஆடுகள் இல்லாத பக்கம் பார்த்துக்கொண்டு.

ரோட்டில் நிற்கும் ஆடுகளே அவருக்குத் தெரியவில்லை என்பது அன்று அவளுக்குப் புரிந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அதற்குள் இன்னொன்றும் அவளுக்குப் புரிந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னது எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், இந்தச் சாலையில் ஒரு சொல்கூட விடாமல் கேட்கிறார். அவள் வாயைத் திறந்தால் அவர் தலை நிமிர்கிறது. அவள் நிறுத்தினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். அந்த ருசி கண்டவளுக்கு ஞாயிறு எப்போது வரும் என்று இருந்தது. இது தப்பு என்று தெரிந்தும் அவள் அதை விரும்பினாள். வாரம் முழுக்கத் தைத்துக்கொண்டே அடுத்த ஞாயிறு பேச வேண்டியதை மனசுக்குள் பேசிப் பார்த்தாள்.

மகன் வந்தது அப்படி ஒரு வாரத்தில்தான். வேறு ஊரில் வேலை. லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு சாலை சாலையாகச் சுற்றி வீடியோ எடுத்துப் போடுகிறவன். எந்தச் சாலை அழகு, எங்கே நிறுத்திப் பார்க்கலாம், எந்த மாதம் போகலாம் என்றெல்லாம் சொல்வான். கேட்கவும் ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தது. இந்த முறை ஏரிச்சாலை. அதுவும் அப்பா ஓட்ட வேண்டும்.

"நீயே ஓட்டுடா. அப்பா பக்கத்துல உக்காரட்டும்" என்றாள் அவள்.

"அப்பா ஓட்டுறதுதான்மா வீடியோவே. முப்பது வருஷம் ஒரே ரோட்டுல ஓட்டின மனுஷன். ஜனங்க உருகிடுவாங்க."

"எனக்குத் தலை வலிக்குது. இன்னொரு நாள் போலாமே."

"தலைவலின்னா நீ வீட்டுல இரு" என்றார் வேன்காரர். மகன் முன்னால் அவர் நெஞ்சு ஒரு சுற்று அகலமாகியிருந்தது.

அவளில்லாமல் அந்தக் கார் முதல் வளைவைத் தாண்டாது. மகனிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அந்த மனிதர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார், இந்த முறை எழுந்திருக்க மாட்டார் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறினாள்.

வழக்கமாக அவள் உட்காரும் முன் சீட்டில் மகன் உட்கார்ந்தான். கண்ணாடியில் ஃபோனை ஒட்டி வைத்தான். கையில் இன்னொரு சின்ன கேமரா. அவள் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையில் தலையை நீட்டிக்கொண்டாள்.

"அந்தப் பாறை பாருங்க, எப்படிச் சாஞ்சு நிக்குது" என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, ப்ளீஸ். இதுல பேச்சே இருக்கக் கூடாது. இன்ஜின் சத்தம், காத்துச் சத்தம், அவ்வளவுதான். ஜனங்களுக்கு அதான் பிடிக்குது. கொஞ்ச நேரம் பேசாம வாங்க."

பேசாமல் வந்தாள். ஆனால் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. வளைவு வரும்போது அவர் சீட்டின் முதுகில் அந்தப் பக்கமாக ஒரு தட்டு தட்டினாள். கார் அந்தப் பக்கம் வளைந்தது. எதிரே பஸ் வந்தபோது இரண்டு தட்டு. கார் ஒதுங்கியது. பாலத்தையும் அப்படியே தாண்டினார்கள். அவள் சேலைத் தலைப்பு வியர்வையில் நனைந்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான், பார்வை மேடை வந்துவிடும், இறங்கியதும் வாந்தி வருகிறது என்று சொல்லி மகனை ஓட்ட வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"அப்பா, கொஞ்சம் வேகமா போங்க. நத்தை மாதிரி போனா எவன் பார்ப்பான்?" என்றான் மகன். அப்புறம் பின்னால் திரும்பி, "என்னம்மா, தட்டிக்கிட்டே வர்றீங்க? ஃபோன் ஆடுது" என்றான்.

வேன்காரரின் காது மடல் சிவந்தது. "வாயையும் கையையும் வச்சுக்கிட்டு சும்மா வர மாட்டியா?" என்றார். "நான் பொறந்து வளர்ந்ததே இந்த ரோட்டுலதான். நீயா எனக்கு வழி காட்டுற?"

மகன் சிரித்தான். பெரியவர் சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பது போலத்தான். அவளுக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது. இத்தனை ஞாயிறும் யார் வாயால் இந்தக் கார் ஓடியது? நன்றி வேண்டாம், சும்மா இருந்திருக்கலாமே. "ஓட்டுங்க, ஓட்டுங்க. உங்க கண்ணாலயே ஓட்டுங்க" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு முதுகைச் சாய்த்துக் கைகளை மடியில் கட்டிக்கொண்டாள்.

பாலத்துக்கு அப்புறம் சாலை நேராகப் போகும். ஏரி முழுசாகத் தெரியும் இடம் அதுதான். அவர் வண்டியை வேகமாக விட்டார். நேர் சாலைக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஓரக் கோடு தெரிந்தால் போதும். மகன் கேமராவை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஏரியை எடுத்துக்கொண்டிருந்தான்.

தூரத்தில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஜல்லிக் குவியல், தார் டிரம். அதற்கு இந்தப் பக்கம், சாலையின் நடுவில், ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். கையில் சிவப்புக் கொடி. கொடி காட்டினால் வண்டி நிற்கும் என்று நம்பி நடுரோட்டில் நிற்பதுதான் அவள் வேலை.

தையல்காரிக்குத் தூரப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை. பார்த்தாள். அந்தப் பெண் கொடியைத் தூக்குவதற்கு முன்பே பார்த்தாள். சொல்லக் கூடாது என்று நினைக்கவில்லை. இவ்வளவு பளிச்சென்று இருக்கிற ஆரஞ்சு, இது கூடவா தெரியாது என்று நினைத்தாள். தெரியாவிட்டால் ஒரு நிமிஷம் தவிக்கட்டுமே, யார் வழி காட்டினார்கள் என்று அப்போது தெரியும் என்றும் நினைத்தாள். இரண்டையும் நினைக்க ஒரு மூச்சு நேரம்தான் ஆனது.

கார் வேகம் குறையவில்லை. அந்தப் பெண் கொடியை ஆட்டினாள். பிறகு இரண்டு கையாலும் ஆட்டினாள்.

"நிறுத்துங்க! ஆளு! ஆளு நிக்குது!" என்று அவள் அலறியபோது கார் நெருங்கிவிட்டிருந்தது.

அவர் பிரேக்கில் ஏறி நின்றார். அந்தச் சத்தத்தை அவள் இனி சாகும்வரை கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஸ்டேஷனில் மூவரையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் சாலை வேலைக்காரர்கள் நாலைந்து பேர், கையில் ஒட்டிய தாரோடு நின்றார்கள். அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மகன் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் மகனின் ஃபோனை மேஜைமேல் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிட்டார். மகன் ஆசைப்பட்ட மாதிரியே அமைந்திருந்தது. இன்ஜின் சத்தம், காற்றுச் சத்தம். ஒரு பக்கம் ஏரி தகதகத்தது. தூரத்தில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி தெரிந்தது. புள்ளி பெண்ணாயிற்று, கொடி ஏறியது, கொடி ஆடியது. அதுவரை காருக்குள் யாரும் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டார். மறுபடியும் யாரும் பேசவில்லை.

"இவ்வளவு தூரத்துலேயே தெரியுதேய்யா" என்றார் அவர். "பட்டப்பகல். உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

வேன்காரர் தலையைத் திருப்பி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். பிறகு சின்னப் பிள்ளை புகார் சொல்வது போல, "அவ சொல்லலையே" என்றார்.

"யாரு?"

"இவதான். எப்பவும் சொல்லுவா. இன்னைக்குச் சொல்லல."

மகன் தலையைத் தூக்கி முதலில் அப்பாவையும் பிறகு அம்மாவையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளுக்கோ ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. "ஆமா, அழகுதான்" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளை நம்பித்தான் ஓட்டியிருக்கிறார். முப்பது வருடத்துக் குடித்தனத்தில் அவர் அவளை அவ்வளவு நம்பினார் என்பதை ஒரு போலீஸ் ஸ்டேஷனில் வைத்துத்தான் சொல்ல வேண்டுமா என்று அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மேஜைமேல் இருந்த ஸ்டேஷன் ஃபோன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்டார். "சரி" என்றார், "எப்ப?" என்றார், வைத்துவிட்டார். வாசலில் நின்றவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அவர்களில் ஒருவன் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்க பின்னாடிதானே உக்காந்திருந்தீங்க? உங்களுக்கு அந்தப் பொண்ணு தெரிஞ்சுதா?"

மகன் அவள் முழங்கையைத் தொட்டான். முன் சீட்டு மறைத்தது என்று சொன்னால் முடிந்தது. அவர் வயதானவர், ஏதோ உளறுகிறார் என்று விட்டுவிடுவார்கள். அவள் மகனின் கையை எடுத்து விலக்கி வைத்தாள்.

"தெரிஞ்சுது சார். அவ கொடியைத் தூக்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இவர் மேல கோவமா இருந்தேன்" என்றாள்.