ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு லென்ஸ்

காலை ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கினால் மாலை ஏழு மணி வரை அவனுக்கு ஒரே இடத்தில்தான் நிற்கிற வேலை. ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கு எதிரே இருந்த சின்ன ஸ்டுடியோ அது. முக்காலி மேல் கேமரா, ஏழடி தள்ளி ஒரு ஸ்டூல், அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி. வருகிறவர்கள் உட்காருவார்கள். "தாடைய கொஞ்சம் இறக்குங்க" என்பான். ஒரு நாளைக்கு அறுபது எழுபது தடவை. எதிர் அலுவலகத்து குமாஸ்தாக்கள் அவனுக்குத் 'தாடை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தெருவில் யாராவது "ஏ தாடை!" என்று கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்த்துவிடுவான்.

ஸ்டுடியோ அத்தானுடையது, அவன் அக்காவின் கணவர். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பையோடு வந்து நின்றவனிடம், "இனிமே இதுதான் உன் வீடு மாப்ள" என்று சொல்லி, ஸ்டுடியோவுக்கு மேலே சாமான் போட்டிருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். அதில் பாதி இடத்தில் இன்னும் பழைய திரைகள் சுருட்டி வைத்தபடி கிடந்தன. ராத்திரி புரண்டு படுத்தால் ஏதாவது ஒரு சுருள் மேலே சாயும். பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. இத்தனை வருஷத்தில் அத்தான் ஒருநாள் கூட அவனைக் கடிந்து பேசியதில்லை. சிக்கலே அங்கேதான். கத்துகிற மனிதராக இருந்திருந்தால் எப்போதோ கிளம்பியிருப்பான்.

எதிர் அலுவலகத்து டைப்பிஸ்ட் அம்மா வேலை மாற்றலாகிப் போகும்போது தன் கேமராவை விற்றார். லென்ஸ் மாற்றிப் போடுகிற வகைக் கேமரா, ஆனால் லென்ஸ் இல்லாமல். அவன் வாங்கினான். சொந்தமாக அவன் வாங்கிய முதல் பெரிய பொருள் அது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ கிடையாது. அன்றைக்கு ஒரு கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு கால் போன போக்கில் நடக்க வேண்டும், கண்ணில் பட்டதை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்குத் தோதாக ஒரே ஒரு ஜூம் லென்ஸ்.

மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் லென்ஸ் பற்றியே படித்தான். கடைசியில் இரண்டில் வந்து நின்றது. ஒன்று பதினெட்டு-நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். முழுத் தெருவும் விழும், மொட்டை மாடிக் கொடியில் உட்கார்ந்திருக்கிற காக்காவும் விழும். ஆனால் வெளிச்சம் வேண்டும். மங்கலான இடத்தில் திணறும். இன்னொன்று பதினேழு-ஐம்பது. தூரம் போகாது, கனம், விலையும் கூட. ஆனால் இருட்டறையிலும் அசராமல் எடுக்கும்.

அவனுக்கு முதலாவதுதான் பிடித்தது. காரணம் இரண்டு. ஒன்றைத்தான் வெளியே சொல்ல முடியும். சொல்ல முடியாதது இது: அத்தானுக்கு ரொம்ப நாளாக ஹால் ஆர்டர் எடுக்க ஆசை. பிறந்தநாள், பிரிவு உபசாரம், ஆண்டு விழா. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் நடக்கும். எல்லாம் மங்கலான ஹாலில்தான் நடக்கும். திணறுகிற லென்ஸாக வாங்கிவிட்டால் ஞாயிறு தப்பும்.

சனிக்கிழமை லென்ஸ் வாங்கக் கிளம்பும்போது அத்தானும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "தனியாப் போய் ஏமாந்து வராத மாப்ள."

லென்ஸ் கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எதுக்கு வேணும்?" என்று கேட்டார்.

"சும்மா நடக்கும்போது எடுக்கங்க. பகல்லதான்" என்றான்.

"ஹால்லயும் எடுப்பான்" என்றார் அத்தான்.

"ஹால்னா இத எடுங்க" என்று அந்த அம்மா பதினேழு-ஐம்பதை எடுத்து வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னார்.

"இது கனமா இருக்கே அத்தான். எனக்குத் தூரத்துல இருக்கறதும் வேணும்."

"தூரத்துல என்ன இருக்கு? நடந்து கிட்டப் போயேன்." அத்தான் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விலையப் பாத்துத் தயங்காத. மிச்சத்த நான் போடறேன். என் மாப்ள கையில மட்டமான பொருள் இருக்கக் கூடாது" என்றார்.

பெட்டியைக் கையில் வாங்கியபோது நன்றி சொன்னான். சொல்லத்தானே வேண்டும்?

அடுத்த ஞாயிறு ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் பிரிவு உபசார விழா. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்ட ஹால். லென்ஸ் பிரமாதமாக வேலை செய்தது. பேசும்போது குரல் உடைந்த ஆசிரியரின் கண்ணோரத்து ஈரம் கூட விழுந்திருந்தது. படங்களைப் பார்த்த அக்கா, "உனக்குக் கை ராசிடா தம்பி" என்று அவன் தலையைத் தடவினாள். படங்கள் நன்றாக வந்ததில்தான் அவனுக்குக் கவலை. கொஞ்சம் சொதப்பியிருக்கலாம். கை கேட்கவில்லை. அன்று மாலைக்குள் ஹால் ஆர்டர் கேட்டு அத்தானுக்கு மூன்று போன்.

செவ்வாய்க்கிழமை, சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் நேரே லென்ஸ் கடைக்குப் போனான்.

"மாத்திக்கலாமாங்க?"

"ரெண்டு வாரத்துக்குள்ளன்னா மாத்தலாம். ஏன், படம் சரியா வரலையா?"

"நல்லா வருது. அதான் பிரச்சினை."

அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பதினெட்டு-நூற்று முப்பத்தைந்தை எடுத்து வைத்தார். "வாசல்ல போய் ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

வாசலில் நின்று பார்த்தான். பதினெட்டில் தெரு, கடைகள், மேலே ஒயர்கள், எல்லாம் இருந்தன. வளையத்தை மெல்லத் திருப்பினான். தெருக்கோடியில், மூன்றாவது மாடியில், ஒருவர் சாரத்தில் உட்கார்ந்து சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் சொருகியிருந்த பென்சில் தெரிந்தது. அவன் உள்ளே வந்து, "இதையே குடுங்க" என்றான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது விஷயத்தைப் போட்டு உடைத்தான். வாயில் வந்தது என்னவோ பாதி உண்மைதான். "லென்ஸ மாத்திட்டேன் அத்தான். கனம் தாங்கல, மணிக்கட்டு வலிக்குது. மிச்சப் பணம் உங்க மேஜை மேல இருக்கு. இது ஹாலுக்குச் சரிப்படாது, வெளிச்சம் பத்தாது."

அத்தான் கோபப்படவில்லை. "மணிக்கட்டு வலின்னா முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று எழுந்து உள்ளே போனவர் ஒரு பெட்டியோடு வந்தார். புது ஃப்ளாஷ். "உனக்குச் சொல்லாமக் குடுக்கலாம்னு நேத்தே வாங்கி வச்சேன். இதப் போட்டா எந்த லென்ஸானா என்ன? ஹாலே பகலாயிடும்."

அக்கா பெருமையாகப் புருஷனைப் பார்த்தாள். எந்த வழியாகப் போனாலும் இந்த மனிதர் அன்போடு அங்கே வந்து நிற்கிறாரே என்று அவனுக்கு இருந்தது. இனி லென்ஸ் மேல் பழி போட முடியாது. மணிக்கட்டு மேலும் முடியாது.

"அத்தான்" என்றான். "லென்ஸ் விஷயம் இல்ல இது. ஞாயித்துக்கிழம நான் வேலைக்கு வரல."

அக்காவின் கரண்டி பாத்திரத்துக்கு மேலேயே நின்றது.

"எங்க போற?"

"எங்கயும் இல்ல. நடக்கப் போறேன்."

"நடக்கவா?" அத்தானுக்கு நிஜமாகவே புரியவில்லை. "காலைல சீக்கிரம் எழுந்து நடந்துட்டு வாயேன். யாரு வேண்டாம்னது?"

"அந்த நடை இல்ல அத்தான். ஆறு நாளும் ஒரே இடத்துல நிக்கறேன். ஏழாவது நாளும் எங்க நிக்கணும்னு வேற யாராவது சொன்னா..." முடிக்க முடியாமல் நிறுத்தினான். "கிறுக்குப் பிடிச்சிரும் போல இருக்கு."

அக்காதான் முதலில் பேசினாள். "இத்தன நாள் ஒரு வார்த்த சொல்லலியேடா!" அதில் கோபம் இருந்ததா, அழுகை இருந்ததா, சொல்ல முடியவில்லை.

அத்தான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "மூணு ஞாயிறுக்கு வார்த்த குடுத்துட்டேன் மாப்ள. அத முடிச்சுக் குடு. அப்புறம் மாசத்துல ஒண்ணு உனக்கு" என்றார். ஏதோ பெரியதாக விட்டுக்கொடுத்த முகம். அவனுடைய நாளை அவனுக்கே திருப்பித் தருகிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும், "சரிங்க அத்தான்" என்றான்.

மூன்று ஞாயிறும் ஹாலில் ஃப்ளாஷ் வெட்டியது. நான்காவது ஞாயிறு ஏழு மணிக்கு அவன் வெளியே வந்தான். எங்கே போவது என்று தெரியாமல் முதல் திருப்பத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பேருந்துப் பணிமனைப் பக்கம் நடந்தான். கழுவி நிறுத்தியிருந்த வண்டிகளின் கண்ணாடி வரிசை, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்ட நடத்துனர், சுவர் மேல் ஒரு பூனை. தூரத்தில் இருந்ததைத் தூரத்தில் நின்றே எடுத்தான். பத்தரைக்குள் இரண்டு தடவை போன் அடித்தது. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது அக்கா.

"சாப்பாட்டுக்கு வந்திருவல்ல? லீவு நாளுன்னும் பாக்காம ஒரு குடும்பம் ஸ்டுடியோ வாசல்ல பாஸ்போர்ட் போட்டோவுக்கு அவசரமா நிக்குதாம். அத்தான் உன்னக் கேக்கச் சொன்னாரு. கட்டாயம் இல்லையாம்."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு மணிக்கு வரேன்க்கா. அதுக்கு முன்னாடி முடியாது" என்றான்.

அந்தப் பக்கம் அக்கா யாரிடமோ அதைச் சொன்னாள். பதில் அவனுக்குக் கேட்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தான். ஒரு மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.