விரிப்புத் துறைக்காரர்

விரிப்புத் துறைக்குப் போகும் சரிவில் இறங்கும்போது நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். பதினொரு மணிக்கு ஹூர்மே வருவதாக ஏற்பாடு. நகராட்சியில் துறைமுகமும் பூங்காவும் அவருடைய குழுவின் கீழ்தான் வருகின்றன. அவர் வந்து சேர்வதற்கு முன்னால், காட்டவேண்டிய ஆள் அங்கே இருக்கிறானா என்று ஒரு நடை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். குற்றவாளியைக் காட்டுகிறேன் என்று தலைவரை வரவழைத்துவிட்டு, காலி இடத்தைக் காட்டி நிற்க முடியாது.

எங்கள் ஆற்றுத் துறைமுகத்தின் வரவுசெலவு என் தலையில். படகு நிறுத்தக் கட்டணத்திலிருந்து சானா என்கிற பொது நீராவிக் குளியலறையின் விறகு, கழிப்பறைக் காகிதம் வரைக்கும். ஜூலை மாதத்தில் ஹெல்சிங்கியிலிருந்து வரும் படகுக்காரர்கள் ஓர் இரவுக்கு முப்பது யூரோ நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். படகைக் கட்ட இடமில்லாமல் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இடமோ, கண்ணுக்கு எதிரே இருக்கிறது. ஆறு வளைகிற அருமையான மூலையில், விரிப்புத் துறை. வருஷமெல்லாம் வீட்டில் மிதிபட்ட கந்தல்துணி விரிப்புகளைக் கோடையில் கொண்டுவந்து, பைன் சோப்புப் போட்டுத் தேய்த்து, இரட்டை உருளையில் பிழிந்து, வெயிலில் காயப்போடுகிற இடம். தொட்டி நகராட்சியுடையது, தண்ணீர் நகராட்சியுடையது, சாக்கடைக் கட்டணம் கட்டுவதும் நகராட்சிதான். வரும்படி ஒரு சென்ட் கிடையாது. ஆனால் அதை மூடிப் படகு கட்டும் இடமாக்கப் போனால் ஊரே திரண்டு வரும் என்பதால் தேர்தலில் நிற்கிற யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

எனக்கு வேறு வழியில்லை. இந்த ஆண்டும் நஷ்டம் என்றால் துறைமுகத்தைத் தனியாருக்குக் குத்தகை விடுவதாக முடிவு. குத்தகைக்காரன் தன் ஆளைக் கொண்டுவருவான். ஐம்பத்தாறு வயதில் எனக்கு வேலை கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை. அப்படி முட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு படகுக்காரர் புகார் எழுதினார்: விரிப்புத் துறையில் ஒருத்தர் காசு வாங்கிக்கொண்டு ஊரார் விரிப்பையெல்லாம் துவைக்கிறாராம், அனுமதி வாங்கினவர்தானா? எனக்குத் தூக்கம்கூட நன்றாக வந்தது அன்றைக்கு. பொது இடத்தில் தனி வியாபாரம். இலவச வசதி என்று யார் இனி வாயைத் திறப்பார்கள்? நானே ஹூர்மேயைக் கூப்பிட்டு, "நீங்களே வந்து உங்க கண்ணால பாருங்க" என்றேன்.

துறையில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பெண்கள் தொட்டியருகே. ரப்பர் ஏப்ரன் கட்டின ஓர் ஆள், முதுகைக் காட்டிக்கொண்டு, நீலக் கோடு போட்ட நீளமான விரிப்பு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வேலை தெரிந்தவன்தான், பார்த்தாலே தெரிந்தது. கோட்டின் ஓட்டத்தோடு பிரஷ் போனது, குறுக்கே ஒரு தடவைகூட இழுக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு சாப்பாட்டு டப்பா. சிவப்பு மூடி, ஓரத்தில் விரிசல், விரிசலில் பசைநாடா. அந்தப் பசைநாடாவை ஒட்டினது நான். உள்ளே கறுப்பு ரொட்டியும் வெள்ளரித் துண்டும் இருக்கும். காலையில் வெள்ளரி நறுக்கினதும் நான்தான்.

காது அடைத்துப்போனது. ஆற்றின் சத்தமே நின்றுபோன மாதிரி. காகித ஆலையில், பக்கத்து ஊரில், இந்நேரம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கவேண்டிய என் புருஷன் ரைமோ திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு பிரஷைக் கீழே வைத்தான். நாங்கள் முப்பது வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம். அவன் முகத்தில் பயத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"ஆலைல பிப்ரவரியோட அனுப்பிட்டாங்க. இங்க, மே மாசத்துலேர்ந்து."

"நான் கேட்டேனே. ஆலைல ஆள் குறைக்கிறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்தப்போ. உன் பேர் இல்லன்னு சொன்ன."

"சொன்னேன்."

அவ்வளவுதான். எங்கள் ஆண்கள் இப்படித்தான், ஒரு வார்த்தைக்கு மேல் செலவாகிவிடக் கூடாது. பிப்ரவரியிலிருந்து மே வரை பனியில் எங்கே போய் உட்கார்ந்திருந்தான் என்று கேட்க வாய் வரவில்லை. நூலகமாக இருக்கும். இல்லை, பேருந்து நிலையம். தினமும் ஆறரைக்குக் கிளம்பிப் போவான், சாயந்திரம் வந்து காலணியைக் கழற்றுவான், "எப்படிப் போச்சு?" என்று கேட்டால் "எப்பவும்போல" என்பான். கையில் பைன் சோப்பு மணக்கும். ஆலையில் சோப்பை மாற்றியிருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். விரல்களில் வெடிப்பு வந்தபோது நடுக்கோடைப் பண்டிகைக்குக் கைக்களிம்பு வாங்கிக் கொடுத்தேன், சிரித்தபடி வாங்கிக்கொண்டான்.

வீட்டுச் செலவில் அவன் பங்கு மாதாமாதம் முதல் தேதி என் கணக்குக்கு வந்துவிடும். ஜூலையில் மட்டும் இரண்டு நாள் பிந்தியது. நான் கைபேசியில் செய்தி அனுப்பினேன்: துறைமுகத்து விதிப்படி தாமதக் கட்டணம் போடவா, ஐயா? பின்னால் ஒரு சிரிக்கிற முகம் வேறு. பெரிய நகைச்சுவை என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். யார் யாருக்குக் காட்டினேன் என்று இப்போது ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. அவர்களில் யாராவது இங்கே விரிப்பு கொடுத்திருப்பார்கள்.

தொட்டிப் பக்கம் நின்ற ஐலாவை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்து ஓய்வுபெற்றவள். சோப்பு நுரை வழிகிற கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா, நான் யாருன்னு?" என்றேன்.

"தெரியாமலா? இவர் சம்சாரம். துறைமுகத்துக் கணக்கம்மா."

"ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லலியே."

"உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும்மா. அதனாலதான் சொல்லல. அடுத்தவங்க வீட்டு விஷயத்துல மூக்கை நுழைக்கலாமா?"

நல்ல நாகரிகம். இந்த நாட்டில் எல்லோரும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் மதிக்கிறோம். ஊர் முழுக்க, ரொட்டிக் கடையில், சானாவில், என்னோடு வானிலை பேசினார்கள், என் முதுகுக்குப் பின்னால்கூடப் பேசாமல் கௌரவமாக இருந்திருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது, யாரை என்றுதான் தெரியவில்லை.

"ஹெல்யா," என்றான் ரைமோ. "நீ எதுக்கு இங்க வந்த?"

சொன்னேன். ஹூர்மே வருவதை, புகாரை, படகு கட்டும் இடத்தை, குத்தகையை. சொல்லச் சொல்ல என் குரல் குழுக் கூட்டத்தில் பேசுகிற குரலாக மாறுவது எனக்கே கேட்டது. அவன் மறிக்காமல் கேட்டான். எல்லாம் முடிந்ததும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்போ புடிக்க வந்தது என்னைத்தான்."

"நீன்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

இந்தத் துறையை மூடினால் அவன் கைக்குக் கிடைத்த இந்த வேலையும் போகும். மூடாவிட்டால் என் வேலை போகும், வீட்டில் இனி நிச்சயமான சம்பளம் அது ஒன்றுதான். மேலே சாலையில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிர்ச் மரங்களுக்கு நடுவே ஹூர்மேயின் வெள்ளைத் தொப்பி இறங்கி வந்தது. நேரம் தவறாத மனிதர்.

"சைக்கிள் அந்தப் பக்கம்தான் இருக்கு," என்றான் ரைமோ மெதுவாக. "நான் போயிடறேன். அவருக்கு என்னைத் தெரியாது. யாரும் இல்லன்னு சொல்லிடு."

அவன் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான். வெடித்த விரல்களில் ஈர முடிச்சு வழுக்கியது. ஈரம் குடித்த நீல விரிப்பு தொட்டி விளிம்பில் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆளால் அதைப் பிழிய முடியாது. ஒருவர் உருளைக்குள் விட வேண்டும், ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். இத்தனை நாளும் ஐலாதான் விட்டிருப்பாள். அவள் இப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், கௌரவமாக.

படகுக்கு இடம் அளக்க எடுத்துவந்திருந்த அளவு நாடாவைச் சுவரில், டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரிப்பின் நுனியைத் தூக்கினேன். நினைத்ததைவிடக் கனம். உருளைகளுக்கு நடுவே திணித்தேன்.

"சுத்து," என்றேன்.

ரைமோ என்னைப் பார்த்தான். பிறகு கைப்பிடியைப் பிடித்தான். உருளை முனகிக்கொண்டு விரிப்பைக் கவ்வியது.

"வணக்கம், வணக்கம்," என்றபடி ஹூர்மே வந்து நின்றார். "ஆஹா, கணக்கு பார்க்கிறவங்களே களத்துல இறங்கிட்டீங்க. அந்த ஆள் யாரு, இவர்தானா?"

"கொஞ்சம் பொறுங்க," என்றேன், திரும்பாமல். "இதைப் பாதியில விட முடியாது."

ரைமோ சுற்றினான். நான் விட்டுக்கொண்டே இருந்தேன். அழுக்குத் தண்ணீர் என் அலுவலகக் காலணிக்குள் ஜில்லென்று இறங்கியது. மறுபக்கத்தில் நீலக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தட்டையாக வெளியே வந்தன. என் கையில் இன்னும் பாதி விரிப்பு இருந்தது.